பதேர் பாஞ்சாலி: படம் பார்த்தவர்கள் நாவலையும் படிக்க வேண்டுமா?

ஜூன் 2, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

‘பதேர் பாஞ்சாலி’ படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன். நாவலையும் படிக்க வேண்டுமா? நண்பர் ஒருவர் வேண்டாம் என்கிறார். நாவலை எழுதிய வங்காள எழுத்தாளர் விபூதிபூஷண் ஏழ்மையின் மேல் மூங்கில் தோப்பையும் மழையையும் பூசி அழகாக்கிவிட்டவராம். வயிறு நிறைந்தவர்கள் படித்து உருகுவதற்கான புத்தகமாம். அப்படித்தானா?

ஜூன் 2, இரவு (என் பதில்)

படியுங்கள். குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும் இடத்தில் படம் முடிந்துவிடுகிறது. நாவல் முடியவில்லை. அவர்கள் காசிக்குப் போகிறார்கள், அப்பா ஹரிஹர் அங்கே இறந்துபோகிறார், அம்மா சர்வஜயா ஒரு பணக்கார வீட்டில் சமையல் வேலைக்கு நிற்கிறாள். படத்தை எடுத்த சத்யஜித் ராய் அந்தப் பகுதியைத் தன் அடுத்த படத்துக்கு எடுத்துக்கொண்டார். 1968 இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் ஊரைவிட்டுக் கிளம்பும் இடத்திலேயே நின்றுவிடும். அதனால் பலருக்கு மூன்றாம் பகுதி இருப்பதே தெரியாது. தமிழில் ஆர். சண்முகசுந்தரம் கொண்டுவந்திருக்கிறார். ‘நாகம்மாள்’ எழுதிய அதே சண்முகசுந்தரம்தான்.

உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 1894 இல் பிறந்தவர் விபூதிபூஷண். அப்பா மகானந்தர், நம் ஊரில் கதாகாலட்சேபம் என்போமே, அந்தத் தொழில். ஊர் ஊராகப் போய்ப் புராணம் சொல்லிக் கிடைத்ததைக் கொண்டுவந்தால் அடுப்பு எரியும். கதையில் வரும் ஹரிஹரும் ஏறக்குறைய அவரேதான். இச்சாமதி ஆற்றங்கரையில் கோபால்நகர் பக்கத்தில் இருக்கும் பராக்பூர்தான் அவர் வளர்ந்த ஊர் (கொல்கத்தா அருகே பட்டாளம் இருந்த பாரக்பூர் வேறு). ஏழ்மையை வெளியே நின்று பார்த்தவர் அல்ல.

அக்கா துர்காவும் தம்பி அபுவும் நாணல் பூத்த வெளியில் ஓடி ரயிலைப் பார்க்கும் அந்த ஒரு இடம் போதும், நாவலைப் படிக்க.

ஜூன் 4, காலை

மேலே கடைசி வரியில் எழுதியது தவறு. நேற்று ராத்திரி புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைத் தேடினேன். இல்லை. படத்தில்தான் இருக்கிறது.

நாவலில் துர்கா ரயிலைப் பார்ப்பதே இல்லை. காணாமல் போன கன்றுக்குட்டியைத் தேடிப் போகிற சாக்கில் அக்காவும் தம்பியும் தண்டவாளம் இருக்கும் திசைக்கு ஓடுகிறார்கள். வழி தவறிச் சதுப்பில் மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அப்புறம் அப்பாவோடு வெளியூர் போகும்போது அபுவுக்குத் தண்டவாளம் காணக் கிடைக்கிறது. ஆனால் ரயில் வர இன்னும் நேரமிருக்கிறது, அப்பா நிற்க மாட்டேன் என்கிறார். துர்கா காய்ச்சலில் கிடக்கும்போது தம்பியிடம் கேட்பது ஒன்றே ஒன்று: எனக்கு உடம்பு சரியானதும் ஒருநாள் ரயிலைக் காட்டுவாயா?

அவளுக்கு உடம்பு சரியாகவில்லை. கடைசியில் மாஜேர்பாடா ஸ்டேஷனில் அபு மட்டும் ரயிலேறுகிறான். வண்டி நகரும்போது, ஊர் எல்லையில் அக்கா நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக அவனுக்குப் படுகிறது.

இருபது வருஷமாக நாவலில் அவர்கள் ரயிலைப் பார்த்தார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு கதை என்று இப்போது தோன்றுகிறது. படத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு சந்தோஷம் கிடைத்துவிடுகிறது. விபூதிபூஷண் அதைக்கூடக் கொடுக்கவில்லை. அழகாக்கியவர் என்று சொன்ன நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஜூன் 4, மதியம்

விபூதிபூஷணின் குடும்பப் பெயரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பந்தோபாத்யாய, வந்தியோபாத்யாய, பானர்ஜி எல்லாம் ஒரே பெயர்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘வந்தியோபாத்யாய’ என்று இருக்கும். வங்காள எழுத்தாளர்கள் தாராசங்கர், மாணிக், விபூதிபூஷண் மூன்று பேருக்கும் இதே குடும்பப் பெயர். உறவுக்காரர்கள் இல்லை. எழுத்தும் ஒன்றுபோல் இருக்காது. தாராசங்கரின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ த.நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பில் தமிழில் இருக்கிறது. அவர் தம்பி த.நா. சேனாபதிதான் விபூதிபூஷணின் ‘ஆரண்யக்’கை ‘வனவாசி’ என்ற பெயரில் தந்தவர். அந்த இரண்டு அண்ணன் தம்பிகளுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

ஜூன் 5

சின்ன விஷயம்தான், சொல்லாமல் விட முடியவில்லை. நாவலின் முதல் பகுதிக்கு ‘பல்லாலி பாலாய்’ என்று பெயர். பல்லாளன் கொண்டுவந்த பீடை என்று சொல்லலாம். ‘குலீனர்’ என்ற உயர்குலப் பிராமணர் முறையைத் தொடங்கி வைத்தவர் என்று வங்காளிகள் சொல்லும் மன்னன் பல்லாள சேனன். குலீனன் ஒருவன் ஊருக்கு ஊர் கல்யாணம் செய்துகொண்டு, எப்போதாவது ஒரு மனைவியின் வீட்டுக்கு வந்து, பணத்தை வாங்கிக்கொண்டு போவான். இந்திர் டாக்ருண் கிழவி அப்படிப்பட்ட ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கென்று வீடில்லை, பெற்ற மகளும் இறந்துவிட்டாள். ஒட்டிக்கொண்ட வீட்டில் சோற்றுக்குப் பேச்சு வாங்குகிறாள்.

படத்தில் பல் போன ஒரு பாட்டியைப் பார்க்கிறோம். அவள் ஏன் அப்படி அடுத்தவர் திண்ணையில் கிடக்கிறாள் என்பதற்கு நாவல் பெயர் சொல்லிக் காரணம் காட்டுகிறது. அவள் இறக்கும்போது அபு கைக்குழந்தை, அதுவும் படத்தில் மாறிவிட்டது.

ஜூன் 7, இரவு

மறுபடி படிக்கத் தொடங்கியதில் ஒன்று பிடிபட்டது. நான் நினைத்திருந்ததைவிட இந்தப் புத்தகம் முழுக்கச் சாப்பாடு. சாப்பாடு என்றால் விருந்து அல்ல. யாருக்கு எவ்வளவு கிடைத்தது, எங்கிருந்து, யாருக்குத் தெரியாமல் என்ற கணக்கு.

மாங்காய் வரும் இடத்தைச் சொல்கிறேன். துர்கா எங்கிருந்தோ மாம்பிஞ்சு பொறுக்கிக்கொண்டு வருகிறாள். தேங்காய்ச் சிரட்டையில் நறுக்கி வைத்திருக்கிறாள். அம்மா வெளியே போயிருக்கிறாள். தம்பியிடம் போய் எண்ணெயும் உப்பும் எடுத்து வா என்கிறாள். அவன் உடுத்தியிருப்பது நேற்றைய துணி, மடியில்லை, எண்ணெயைத் தொட்டால் அம்மா திட்டுவாளே என்று பயம். எப்படியோ எடுத்து வருகிறான். அவசர அவசரமாகத் தின்று, சிரட்டையைத் தூர எறிந்து, வாயைத் துடைத்துக்கொள்கிறார்கள். அம்மா வந்து வறுத்த அரிசியைத் தின்னக் கொடுக்கிறாள். அபு ஒரு வாய் போட்டுவிட்டு, மாங்காய் தின்றதில் பல் கூசுகிறது, மெல்ல முடியவில்லை என்று சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான். அக்கா முறைக்கிறாள். பால் கறக்கிறவள் வந்து கூப்பிட்டதால் தப்பிக்கிறார்கள்.

சிரித்துக்கொண்டே படிக்கும் இடம். ஆனால் அதே அத்தியாயத்தில், அதே வீட்டில், சர்வஜயா ஹரிஹரிடம் சம்பளக் கணக்குப் பேசுகிறாள். அந்த ஊர் ராய் குடும்பத்தின் வீட்டில் (படம் எடுத்த ராய் இல்லை) ஹரிஹருக்கு மாதம் எட்டு ரூபாய். அதையும் இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறைதான் தருகிறார்கள். வீட்டைச் சுற்றிக் கடன். பல் கூசுகிற சிரிப்பும் எட்டு ரூபாயும் ஒரே திண்ணையில் இருக்கின்றன. அவர் இரண்டையும் பிரித்து எழுதவில்லை.

இன்னொரு இடம். அபு அப்பாவோடு ஒரு சிஷ்யர் வீட்டுக்குப் போகிறான். அங்கே மோகன்போக் கொடுக்கிறார்கள், நம்ம ரவா கேசரி மாதிரி. விரலில் நெய் ஒட்டுகிறது. அம்மா வீட்டில் மோகன்போக் என்று செய்து கொடுத்தது வெறும் ரவையைத் தண்ணீரில் வேகவைத்து வெல்லம் போட்டது என்பது அவனுக்கு அந்த நிமிஷம் புரிகிறது. கோபம் வரவில்லை. அம்மா மேல் இரக்கம் வருகிறது: பாவம், அம்மாவுக்கே தெரியாது போலிருக்கிறது, மோகன்போக் இப்படி இருக்கும் என்று. தான் ஏழை என்பதை அந்தச் சிறுவன் நாக்கால் தெரிந்துகொள்கிறான். யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லவில்லை.

ஜூன் 8

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். எனக்கு மாங்காய் இல்லை, புளியங்காய். அக்கா பாவாடையில் கட்டிக்கொண்டு வருவாள். கல்லில் வைத்து உப்பும் மிளகாயும் சேர்த்து நசுக்கிக் குச்சியில் குத்திக் கொடுப்பாள். பல் கூசும். அது என் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான காலம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், இந்த இழைகளிலேயே எங்கோ எழுதியும் இருக்கிறேன்.

அக்காவிடம், உனக்கு ஞாபகம் இருக்கா, எவ்வளவு நல்லா இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பசிக்கும்ல தம்பி, அதான் அதைத் திங்கிறது” என்றாள். “சோறு ஒனக்குக் காணணும்னு அம்மா சொல்லிருச்சு. நான் புளியங்காயத் தின்னுட்டுப் பசிக்கலைன்னுருவேன்.”

எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். கட்டையில் தீக்குச்சி அடுக்குகிற வேலை. நான் படித்தேன்.

இதை எழுதிவிட்டு இன்று வேறெதுவும் எழுத முடியவில்லை.

ஜூன் 9

“அப்படியானால் கேள்வி கேட்டவரின் நண்பர் சொன்னது சரிதானே, அழகெல்லாம் சாப்பிட்டவனுக்குத்தான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ராத்திரி முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பாதி சரி. கதை பெரும்பாலும் அபுவின் கண்ணால் நடக்கிறது. அபுவுக்குத்தான் வீட்டில் முதல் பங்கு. சர்வஜயாவின் கை எப்போதும் அவன் பக்கம் தாராளம், துர்காவுக்கு அடியும் ஏச்சும். அவன் மூங்கில் தோப்பைப் பார்த்து மகாபாரதக் கர்ணனை நினைத்துக்கொண்டு நிற்க முடிகிறது என்றால், அவனுக்கு முன்னால் ஒருத்தி விட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் இதைப் பத்தொன்பது வயதில் கவனிக்கவில்லை. அபுவாகவே படித்திருக்கிறேன்.

ஆனால் மறுபாதி இருக்கிறது. அந்தக் காட்டை அபுவுக்குக் காட்டியவளே துர்காதான். எந்தப் புதரில் என்ன பழம், எந்தக் கொடி எப்போது காய்க்கும், எந்தக் கிழங்கைச் சுட்டால் தின்னலாம், எல்லாம் அவளுக்குத் தெரியும். பசிதான் அவளை அங்கே இழுத்துப் போனது. போன இடத்தில் அவள் பசியை மட்டும் பார்க்கவில்லை. காட்டுக்குள் கூட்டாஞ்சோறு ஆக்குகிற இடத்தைப் படித்துப் பாருங்கள். கத்தரிக்காய் பாதி கருகியிருக்கிறது, உப்பில்லை, அப்படியும் அவளுக்கு அது பெரிய விருந்து. உப்பில்லாத சோற்றை எழுதிவிட்டு, அதே வாக்கியத்தில் அவள் சந்தோஷத்தையும் எழுதுகிறார். எதையும் எதற்கும் பூசவில்லை. ரெண்டும் அவளிடம் இருந்தன.

என் அக்காவுக்கும் எங்கள் ஊர்ச் செடிகொடி எல்லாம் பெயரோடு தெரியும். அதையும் நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 9, இரவு

துர்கா எப்படி வந்தாள் என்பதையும் எழுதிவிடுகிறேன், இது தெரிந்தால் வேறு மாதிரி படிப்பீர்கள்.

1925 இல் பீகாரில் பாகல்பூரில் இருக்கும்போது விபூதிபூஷண் இந்த நாவலைத் தொடங்கினார். ஒரு ஜமீனின் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார். முதல் முறை எழுதியபோது அதில் துர்கா கிடையாது. ஒரு சாயங்காலம் பாகல்பூரில் ஒரு சிறுமியைப் பார்க்கிறார். வாராத தலை, முடி காற்றில் பறக்கிறது. இந்தப் பெண் இல்லாமல் என் கதை உயிரோடு இருக்காது என்று தோன்றி, எழுதிய அத்தனையையும் திருத்தித் திரும்ப எழுதினார். 1928 இல் முடித்தார். ‘விசித்ரா’ பத்திரிகையில் தொடராக வந்து, 1929 இல் புத்தகமானது.

யாரோ ஒரு பெண். பெயர்கூடத் தெரியாது. தன்னால் ஒரு நாவல் மொத்தமாக மாறியது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஜூன் 13

பத்து வயதுப் பையனுக்கு இவருடைய புத்தகம் எதையாவது கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: ‘சாந்தேர் பஹார்’. 1937 இல் புத்தகமாக வந்தது. வங்காளக் கிராமத்துப் பையன் சங்கர் ஆப்பிரிக்காவுக்கு ரயில் பாதை போடும் இடத்தில் வேலைக்குப் போய், சிங்கம், பாலைவனம், வைரச் சுரங்கம் என்று அலைகிற கதை. விபூதிபூஷண் ஆப்பிரிக்காவில் கால் வைத்ததில்லை. புத்தகங்களையும் வரைபடங்களையும் பார்த்தே எழுதினார். என் மகன் அதைப் படித்துவிட்டு ரிக்டர்ஸ்வெல்ட் எங்கே என்று பூகோளப் படத்தில் விரலை வைத்துத் தேடினான். நிஜமாகவே அங்கே இருக்கிறது, தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில்.

ஜூன் 15

‘ஆரண்யக்’ பற்றிக் கேட்டார்கள். 1939 இல் வந்தது. இவரை ‘இயற்கை எழுத்தாளர்’ என்று ஓரங்கட்டுகிறவர்கள் எடுத்துக் காட்டுவது இதைத்தான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நிலா வெளிச்சத்தில் குதிரையில் போகும் இடங்கள்தான் ஞாபகத்தில் நின்றிருந்தன.

கதை சொல்கிற சத்யசரண் கொல்கத்தாவில் வேலை கிடைக்காமல் திரிந்தவன். பாகல்பூர், பூர்ணியா பக்கம் லப்டுலியா காட்டில் எஸ்டேட் மானேஜராகப் போகிறான். அவன் வேலை என்ன? காட்டைத் துண்டு போட்டுக் குத்தகைக்கு விடுவது. குடி ஏற ஏறக் காடு போகும். அந்தக் காட்டின் மேல் அவனுக்குப் பைத்தியமே பிடித்துவிடுகிறது. வேலையும் நிற்கவில்லை. கடைசியில் ஆதி வன தேவதைகளிடம் மன்னிப்புக் கேட்கிறான். விபூதிபூஷணே அந்த வேலை பார்த்தவர். வெட்டிய கையே எழுதியிருக்கிறது.

யுகள்பிரசாத் என்று ஒரு ஆள் வருகிறான். எங்கெங்கோ இருந்து பூச்செடியும் கொடியும் விதையும் கொண்டுவந்து காட்டுக்குள், சரஸ்வதி குண்டி ஏரிக்கரையில் நட்டுவைக்கிறான். நிலம் அவனுடையது இல்லை. காசும் கிடையாது. பூத்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான். மானேஜரும் அவனோடு சேர்ந்து திருட்டுத்தனமாகச் செடி நடுகிறார். குத்தகைக்கு விடவேண்டிய ஆளும் அவரேதான்.

அப்புறம் குந்தா. ஒரு ராஜபுத்திரனின் விதவை. சாதியில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மானேஜர் ராத்திரிச் சாப்பிட்ட இலையில் மிச்சம் கிடக்கும் சோற்றுக்காக, கடுங்குளிரில் கிணற்றடியில் நின்றுகொண்டிருப்பாள். பிள்ளைகளுக்குக் கொண்டுபோக. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அரிசிச் சோறு என்பது எப்போதாவது காணும் பொருள். புல்விதையை அவித்துத் தின்கிறவர்கள். இது தெரிந்தபிறகு சத்யசரண் வேண்டுமென்றே இலையில் கூடுதலாகச் சோறு மிச்சம் வைக்கத் தொடங்குகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

நிலா வெளிச்சம் அப்படியே இருக்கிறது. அதே குளிரில்தான் அவளும் நிற்கிறாள்.

ஜூன் 16

மேலே ஒரு திருத்தம். சத்யசரண் கூடுதலாக மிச்சம் வைத்தான் என்று எழுதியதைத் திரும்பப் பார்க்காமல் எழுதிவிட்டேன். அவன் விஷயத்தைத் தெரிந்துகொண்டு மனம் கலங்குவதுதான் எனக்கு உறுதியாக நினைவில் இருக்கிறது. மற்றது நான் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. அந்த வரியை விட்டுவிட்டுப் படியுங்கள். ரயிலில் செய்த தவற்றையே மறுபடி செய்திருக்கிறேன்: புத்தகம் கொடுக்காத ஆறுதலை நானாகக் கொடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 16, சற்று நேரம் கழித்து

‘ஆரண்யக்’கில் வரும் பானுமதி பற்றி எழுத மறந்தேன். தோப்ரு பன்னா என்ற வயதான சந்தால் அரசரின் குடும்பத்துப் பெண். அரசர் என்றால் மாடு மேய்க்கிறவர்தான், ராஜ்யமெல்லாம் எப்போதோ போய்விட்டது. சத்யசரண் அவளிடம், பாரதவர்ஷம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேட்கிறான். இல்லை, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். சுதந்திரப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் எழுதிய வரி.

ஜூன் 21

பஞ்சத்தைப் பற்றி அவர் எழுதவில்லையா என்று கேட்டவருக்கு. எழுதியிருக்கிறார். ‘அசனி சங்கேத்’. 1943 வங்கப் பஞ்சம், ஏறத்தாழ 30 லட்சம் பேர் செத்த பஞ்சம். அது நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பத்திரிகையில் தொடராக எழுதத் தொடங்கியது. புத்தகமாக வந்தது அவர் இறந்தபிறகு, 1959 இல். 1973 இல் ராய் இதையும் படமாக எடுத்தார்.

கங்காசரண் என்ற பள்ளிக்கூட வாத்தியார், மனைவி அனங்கா. முதலில் அரிசி விலை ஏறுகிறது. எங்கோ யுத்தமாம் என்கிறார்கள். அப்புறம் கடையில் அரிசி இல்லை. அப்புறம் பணம் வைத்திருந்தாலும் இல்லை. கூக்குரல் இல்லாமல், ஒவ்வொரு நாளும் பானையில் ஒரு பிடி குறைவதைச் சொல்லிக்கொண்டே போகிறார். பசியால் மனுஷன் செத்தே போவான் என்பதை ஊரில் யாரும் நம்பவில்லை, எப்படியாவது ஏதாவது கிடைத்துவிடும் என்றுதான் இருக்கிறார்கள். மதி என்ற சக்கிலியப் பெண் செத்துக் கிடக்கும்போதுதான் அது நடக்கக்கூடியது என்று ஊருக்குத் தெரிகிறது. முதலில் செத்தவள் யார் என்று பாருங்கள். அதைத் தற்செயலாக எழுதவில்லை.

பசி மட்டும்தானா என்று கேட்காதீர்கள். ‘ஆதர்ஷ ஹிந்து ஹோட்டல்’ படியுங்கள். ராணாகாட் ரயில் பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர் ஹஜாரி தாக்குர், ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டு, ஒருநாள் சொந்தக் கடை போடுகிறார், ஜெயிக்கிறார். கையில் காசில்லாதவருக்கு நம்பிக் கடன் கொடுப்பவர்களில் பால் விற்கிற குசும் ஒருத்தி. சோறு வடிப்பதையும் மீன் குழம்பு வைப்பதையும் இவ்வளவு மரியாதையோடு எழுதிய நாவல் நான் வேறு படித்ததில்லை.

ஜூன் 22

விபூதிபூஷண் எப்படி இறந்தார் என்று கேட்டார்கள், சுருக்கமாக. 1917 இல் கௌரியோடு கல்யாணம், அடுத்த வருஷமே கௌரி இறந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் தனியாகத்தான் இருந்தார். 1940 இல் ரமாவைக் கல்யாணம் செய்துகொண்டார், 1947 இல் மகன் தாராதாஸ் பிறந்தார். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கட்சிலாவில் இருந்த வீட்டுக்குக் ‘கௌரி குஞ்ச்’ என்று பெயர். 1950 நவம்பர் 1 ஆம் தேதி அங்கேயே காலமானார். வயது 56. கடைசி வரை பள்ளிக்கூட வாத்தியார். ‘இச்சாமதி’ நாவலுக்கு ரவீந்திர புரஸ்கார் கிடைத்தது 1951 இல், வாங்க அவர் இல்லை. படம் வந்ததும் அதற்கு அப்புறம், 1955 இல். அபுவையும் துர்காவையும் அவர் திரையில் பார்க்கவில்லை.

மகன் தாராதாஸ் பின்னாளில் எழுத்தாளரானார். அபுவின் மகன் காஜலின் கதையை அவர்தான் தொடர்ந்து எழுதினார். அப்பா இறக்கும்போது அவருக்கு மூன்று வயது.

ஜூன் 30

அக்காவுக்குப் புத்தகத்தை அனுப்பியிருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் மூணு பக்கம். பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை என்றாள். சர்வஜயாவைச் ‘செயா’ ஆக்கிவிட்டாள்.

நேற்று ராத்திரி அவளே போன் செய்தாள். மாங்காய் அத்தியாயம் முடித்துவிட்டாளாம். பல் கூசுகிற இடத்துக்குச் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் எட்டு ரூபாயில் நின்றிருந்தாள். “அதுவும் ரெண்டு மாசம் கழிச்சுத் தாரானாமே. அந்தப் பொம்பளை எங்க போயி அரிசி வாங்குவா? கடங்காரன் எத்தன பேரு, யாரு யாருக்கு எவ்வளவுன்னு எழுதியிருக்காரு தம்பி. வீட்டுக் கணக்குத் தெரிஞ்ச ஆளு.”

அப்புறம்தான் மாங்காய்க்கு வந்தாள். “பய காட்டிக் குடுத்துட்டான் பாரு. நீயும் அப்படித்தான் செஞ்ச.” எனக்கு ஞாபகமே இல்லை. என்றைக்கு, எப்படி, அம்மா அடித்தாளா என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை, அந்தப் பிள்ளை கதையில் பெரிய மனுஷியாகி எங்கே கட்டிக்கொடுக்கிறார்கள் என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

இன்னும் மழை வரவில்லை அவளுக்கு. ஒரு நாளைக்கு மூணு பக்கம் என்றால் காய்ச்சல் வருகிற அத்தியாயத்துக்கு இன்னும் பல வாரம் ஆகும். அவள் அங்கே போய்ச் சேரும்போது நான் ஊரில் இருக்க வேண்டும். லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.